நாலு இடம் உள்ளே போன வரி

கோவையில் இன்குபேட்டர் செய்யும் கம்பெனி ஒன்று. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டிதான் இன்குபேட்டர். கீழ்த்தளத்தில் பெட்டியைச் செய்தார்கள். அதை இயக்கும் மென்பொருளை மாடியில் எழுதினார்கள். மாடிக்குத் தலைமை கோகிலவாணி. பேசுவது குறைவு. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது அதைவிடக் குறைவு. அதனால் பாதி கிண்டலாகவும் பாதி நிஜமாகவும் அவளை எல்லாரும் குரு என்றார்கள்.

குருவின் சீடர்களில் ஒருவர் இசக்கிமுத்து, திருநெல்வேலிக்காரர். வயதில் குருவைவிட நன்றாகவே மூத்தவர். வெகுகாலம் கீழே பெட்டிகளுக்கு ரிப்பேர் பார்த்துவிட்டு, நிரல் எழுதப் படித்து மாடிக்கு வந்தவர்.

அந்த மென்பொருள் பழசு. எத்தனையோ பேர் எழுதி எழுதி வளர்ந்தது. ஒருவர் நெருக்கி எழுதுவார், ஒருவர் தள்ளி எழுதுவார்; படிக்கிறவனுக்குக் கண் வலிக்கும். எல்லாவற்றையும் ஒரே சீராக அடுக்கித் தரும் ஃபார்மேட்டர் என்ற கருவியை ஓட்டும்படி குரு இசக்கிமுத்துவிடம் சொல்லியிருந்தாள். இடைவெளியையும் வரி முடியும் இடத்தையும் அது சரிசெய்யும். ஒரு சொல்லைக்கூடத் தொடாது.

இசக்கிமுத்து ஓட்டாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

காரணம் மாடியில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது, நாள் நிறையும் முன்பே. ஆஸ்பத்திரியில் அது கிடந்தது இவர்கள் செய்த பெட்டி ஒன்றில்தான். மனைவி பேச்சியம்மா வார்டு வாசலிலேயே இருந்தாள். இவருக்கு லீவு தீர்ந்துவிட்டது.

யாருக்கும் தெரியாத ஒன்றும் உண்டு. தினமும் வேலைக்கு வந்ததும் அவர் ஒரு கோப்பைத் திறந்து ஒரு வரியைப் பார்ப்பார். சூடு அளவு மீறினால் ஹீட்டரை நிறுத்து என்று சொல்லும் வரி. அது இடது ஓரத்தை ஒட்டி நின்றது. உள்ளே தள்ளி நிற்கும் வரி மேலே உள்ள ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது; ஓரத்தில் நிற்கும் வரிக்கு அப்படி வேறு நிபந்தனை ஏதும் கிடையாது, எப்போதும் நடக்கும். சாமி படத்தைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்.

அன்று காலையிலும் பார்த்தார். ஆஸ்பத்திரிப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள், ஜெனரேட்டர் ஓடுகிறது என்று பேச்சியம்மா போனில் சொல்லியிருந்தாள். நம்ம பெட்டிதான், பயப்படாதே என்று அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, தன் தைரியத்துக்காக அந்த வரியைப் பார்த்தார்.

குரு அவர் மேஜைக்கு வந்து நின்றாள்.

இசக்கிமுத்து எழுந்தார். “மெஷினுக்கு ஒண்ணுமே மாறாதுன்னு சொல்லுதீங்க. ஒண்ணும் மாறாததை எதுக்கு மேடம் செய்யணும்?”

குரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதையா ஆயிரக்கூடாது. உள்ள எம்பிள்ள கிடக்கு மேடம்.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வேறு யாராவது சிரித்திருப்பார்கள். குரு பயத்தைக் கேலி செய்கிறவள் அல்ல.

“ஒரே ஒரு கோப்புல ஓட்டுங்ணா,” என்றாள். “எதைத் தொட ரொம்பப் பயமா இருக்குதோ, அதுல.”

அது எந்தக் கோப்பு என்று அவரைக் கேட்கவே வேண்டாம், திரையில் திறந்தே இருந்தது. அவர் விரல் விசைமேல் நின்றது. அழுத்தவில்லை.

“ஒண்ணும் மாறாதுங்ணா. ஓட்டுங்க.”

ஓட்டினார்.

கண் இமைப்பதற்குள் கோணல்மாணலெல்லாம் நேராகிவிட்டது. இசக்கிமுத்து தன் வரியைத் தேடினார். ஓரத்தில் அது இல்லை. நாலு இடம் உள்ளே தள்ளிப்போய் நின்றது.

“மாறிட்டே மேடம்,” என்றார். “மாறாதுன்னீங்களே.”

குரு குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறியதை இசக்கிமுத்து முதன்முறையாகப் பார்த்தார். பழைய நிரல், புதிய நிரல் இரண்டையும் பெட்டிக்குள் ஏற்றும் வடிவத்துக்கு மாற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொன்னாள். ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றேதான். இம்மி வித்தியாசம் இல்லை.

“மாறலைங்ணா,” என்றாள் குரு. “நேத்தும் இப்படித்தான் இருந்துருக்குது.”

அப்போதுதான் அவர் மேலே இருந்த வரியைப் படித்தார். மின்வாரியக் கரண்ட் வந்துகொண்டிருந்தால் என்று ஒரு நிபந்தனை. வருவது கரண்டா ஜெனரேட்டரா என்று பெட்டிக்குச் சொல்ல ஒரு தனி ஒயர் உண்டு. அதன் அடைப்புக்குறி ஒரு நீண்ட வரியின் கடைசியில், திரைக்கு வெளியே போய்த் திறந்திருந்தது. மூடியது இவர் வரிக்குக் கீழே. இடையில் உள்ளதெல்லாம் அந்த நிபந்தனைக்குள் அடக்கம். எப்போதோ எவரோ அந்த ஒரு வரியை மட்டும் ஓரத்தில் எழுதிவிட்டார். கண் ஓரத்தை நம்பியது. மெஷின் அடைப்புக்குறியைத்தான் படித்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால், சூடு எவ்வளவு ஏறினாலும் அந்தப் பெட்டி ஹீட்டரை நிறுத்தாது.

ஜெனரேட்டர் காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

இசக்கிமுத்து போனை எடுத்தார். பேச்சியம்மாவைக் கூப்பிட்டார். இந்நேரத்தில் ஏன் என்று கேட்டாள்.

“பிள்ளைய வெளிய எடுக்கச் சொல்லுட்டீ. இப்பமே.”

அவள் ஓடும் சத்தம் கேட்டது. கதவைத் திறக்காதே என்று ஒரு நர்ஸ் அதட்டுவது கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. போனைக் காதில் அழுத்தியபடி சுவரில் சாய்ந்தார். செத்துவிடலாம் போலிருந்தது அவருக்கு. அறையின் மறுகோடியில் குரு இன்னொரு போனில் சர்வீஸ் பிரிவுத் தலைவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். நம் பெட்டி இருக்கும் எல்லா ஆஸ்பத்திரிக்கும் இந்த நிமிஷமே சொல்லுங்கள், கரண்ட் இல்லாதபோது அதில் குழந்தையை வைக்கக்கூடாது என்று.

பேச்சியம்மாவின் குரல் திரும்பி வந்தது. நர்ஸ் தொட்டுப் பார்த்திருக்கிறாள், உடம்பு சுட்டிருக்கிறது, பதறிப்போய் எடுத்துவிட்டாள். கரண்ட் வரும்வரை தாயின் நெஞ்சோடு சேர்த்து வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். இப்போது தன் நெஞ்சில்தான் கிடக்கிறது என்றாள்.

“அழுவுதா?”

“நல்லா அழுவுது.”

இசக்கிமுத்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரும் அழுதார்.

மத்தியானத்துக்குள் அந்த அடைப்புக்குறியைச் சரியான இடத்தில் போட்டார்கள். கீழ்த்தளத்துப் பெட்டி ஒன்றை ஜெனரேட்டருக்கு மாற்றி, சூடேற்றி, ஹீட்டர் தானாக நிற்கிறதா என்று குரு கூடவே நின்று பார்த்தாள். நின்றது. பிறகு பழையபடி அவர் மேஜைக்கு வந்தாள்.

திரையில் மற்றக் கோப்புகள் இருந்தன. மூச்சு நின்றால் மணி அடிப்பது ஒன்றில், ஆக்சிஜன் அளவு இன்னொன்றில். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றிலும் எத்தனையோ வரிகள் ஓரத்தை ஒட்டி, பார்க்க நிம்மதியாக நின்றன.

இசக்கிமுத்து விசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“மேடம், மத்ததெல்லாம்...”

“அதுலயும் ஒண்ணும் மாறாதுங்ணா,” என்றாள் குரு. “ஓட்டுங்க.”