வெட்டி எடுத்த சிரிப்பு

அந்தச் செய்திச் சேனலின் முதல் பெண் நிருபர் தமயந்தி. சேர்ந்த புதிதில், "சாவுச் செய்திக்கெல்லாம் பொம்பளைக் குரல் எடுபடாதும்மா, கோலப் போட்டிக்குப் போயிட்டு வாங்களேன்" என்று குழைந்தவர்கள்தான், பிறகு எங்கே விபத்து என்றாலும் அவரைத் தேடினார்கள். அவரிடம் தொழில் கற்க வந்தவள் ரெஜினா.

ஒரு நூற்பாலையில் தீ. உள்ளே ஏழு பெண்கள் கருகிப்போனார்கள். முதலாளி நிருபர்களைக் கூப்பிட்டார்; தமயந்தியோடு ரெஜினாவும் போனாள். மேசை நிறைய மைக்குகள்.

"வெளிக்கதவை ஏன் பூட்டி வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார் தமயந்தி.

முதலாளி தொண்டையைச் செருமினார். "மேடம்... வீட்டுல சமையல்லாம் ஆச்சா? வீட்டுக்காரருக்குப் போட்டுட்டுத்தானே வந்தீங்க?"

கொல்லென்று சிரித்தார்கள் நிருபர்கள். ஒருவர் மூக்கால். ஒருவர் தொப்பை குலுங்க. ஒருவர், முதலாளிக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே.

தமயந்தி தன் கேமராமேனுக்குக் கண்ணைக் காட்டினார். கேமரா சிரிப்பவர்கள் பக்கம் திரும்பியது.

"கதவை ஏன் பூட்டினீங்க?" அதே குரல்.

"இன்னைக்கு என்ன குழம்பு மேடம்?"

மறுபடியும் சிரிப்பு.

அலுவலகம் திரும்பியதும் ரெஜினா கொதித்துக்கொண்டே எடிட்டிங் அறைக்குள் போனாள். அந்தப் பேச்சையும் சிரிப்பையும் வெட்டி எடுத்தாள். 'உரிமையாளர் பதிலளிக்கவில்லை' என்று தன் குரலைப் பதிந்து அங்கே ஒட்டினாள்.

தமயந்தி வந்து பார்த்தார். "அந்தாள் பேசினது எங்கே?"

"எடுத்துட்டேன்கா. ஊரே பார்க்க உங்களை அசிங்கப்படுத்தணுமா?"

"ஏழு பேர் எப்படிச் செத்தாங்கன்னு கேட்டேன். என்ன குழம்புன்னான். அசிங்கம் யாருக்குடி? திருப்பி வை. சிரிச்ச மூஞ்சிங்களையும் வை."

"நம்ம சேனல் பரஞ்சோதி சாரும் சிரிக்கிறாரேக்கா..."

"முதல்ல அவரை வை."

ரெஜினா ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள்.

"இத்தனை வருஷமும் இப்படித்தான் பேசினாங்களாக்கா?"

"ம்."

"சின்னப் பிள்ளையிலேருந்து உங்க செய்தியை ஒண்ணு விடாமப் பார்த்திருக்கேன். ஒருதடவைகூட இதைக் காட்டினதில்லையே?"

தமயந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்படிக் காட்டுவாங்க? ஒவ்வொரு தடவையும், என் மேல பிரியமுள்ள யாராவது இங்கே உட்கார்ந்து வெட்டிடுவாங்க."