வெள்ளிக்கிழமை நகல்

“நாப்பத்தியோரு வெள்ளிக்கிழமை பேக்கப் எடுத்துட்டேனுங்க அம்மணி. இன்னும் மனசு அடங்க மாட்டேங்குது.”

சொன்னவர் ஜோசியர் சென்னியப்பன். வயது அறுபத்தொன்று. கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு கையில் அணைத்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் மஞ்சள் பை.

கேட்டுக்கொண்டிருந்தவள் நசீமா. வயது முப்பத்து நான்கு. ஈரோட்டில் ஒரு மாடிப்படி ஏறினால் அவள் கடை. செத்த டிஸ்க்கிலிருந்து ஃபைல் எடுத்துக் கொடுப்பது தொழில். பேச்சு குறைவு.

“உள்ள என்ன இருக்குது?”

“ஆறாயிரத்து நானூறு ஜாதகமுங்க. பதினாறு வருஷம். ஒவ்வொண்ணுக்குக் கீழயும் நான் என்ன சொன்னேன்னு எழுதி வெச்சிருக்கேன்.”

“அது எதுக்கு?”

“அஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தரு வருவாரு. அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு சொன்னா அந்த வீடு போச்சு. அப்புறம் ஊரு போச்சு. அந்த டிஸ்க்குதானுங்க என் நாக்கு. இப்ப டிக் டிக்குங்குது.”

நசீமா பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துக் காது வைத்தாள். டிக். டிக். நிறுத்தினாள்.

“எதுல பேக்கப் எடுக்கறீங்க?”

“உள்ள இருக்கற டிஸ்க்கு வாங்கினப்பக் கூடவே ஒரு சாஃப்ட்வேர் கொடுத்தாங்க. இலவசம். டிஸ்க்கு முழுசையும் அப்படியே ஒரே ஃபைலா ஆக்கி வெளி டிஸ்க்குல வெச்சுரும். வெள்ளிக்கிழமை காலைல, சுக்கிர ஓரையில ஆரம்பிப்பேன்.”

மஞ்சள் பையிலிருந்து வெளி டிஸ்க்கை எடுத்து வைத்தார். நெற்றியில் சந்தனப் பொட்டு. டிஸ்க்கின் நெற்றியில்.

நசீமா திருப்புளியை எடுத்தாள். பெட்டியைத் திறந்தாள். நாலு திருகு. உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றினாள். மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

“செத்துப்போச்சு.”

“ஏனுங்க, இப்பத்தான ஓடிட்டிருந்துச்சு?”

“செத்துப்போச்சுன்னு வெச்சுக்குங்க. வாசல்ல ஒருத்தரு வந்து நிக்கறாரு. அவரு ஜாதகத்தை எடுங்க.”

தன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

சென்னியப்பன் வெளி டிஸ்க்கை மாட்டினார். உள்ளே ஒரே ஒரு ஃபைல். பெரிது. தட்டினார். திறக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினார்.

“சாஃப்ட்வேர் வேணுமுங்க.”

“எங்க இருக்குது?”

“டிஸ்க்குல.”

“எந்த டிஸ்க்குல?”

சென்னியப்பன் இழுப்பறையைப் பார்த்தார்.

“போகட்டும்,” என்றாள். “அதே சாஃப்ட்வேர் எங்கிட்டயும் இருக்குது.”

திறந்தாள். திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எங்கள் நிறுவனத்தின் டிஸ்க் எதுவும் இணைக்கப்படவில்லை என்றது. பிறகு தானே மூடிக்கொண்டது.

“இதென்னங்க அக்கிரமம்?”

“இலவசமாத்தான கொடுத்தாங்க. அவங்க டிஸ்க் மாட்டியிருந்தாத்தான் ஓடும். உங்க வெளி டிஸ்க் வேற கம்பெனி.”

“அவங்க டிஸ்க்கே செத்துட்டா?”

“அவங்களோடதே இன்னொண்ணு வாங்கணும்.”

“யாரும் சொல்லலையே.”

“அட்டையில போட்டிருக்குது. நாப்பத்தியோரு வாரத்துல ஒரு நாள் படிச்சிருக்கலாம்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அதே கம்பெனி டிஸ்க் புதுசா ஒண்ணு வாங்கிட்டு நாளைக்கு வாங்க.”

“நாளைக்கு அஷ்டமிங்க.”

“உங்க இஷ்டம். டிக் டிக் அஷ்டமி பாக்காது.”

மறுநாள் வந்தார்.

புது டிஸ்க்கை மாட்டினாள். இப்போது சாஃப்ட்வேர் வாயைத் திறந்தது. நகலிலிருந்து புது டிஸ்க்குக்கு எல்லாம் இறங்க இரண்டு மணி நேரம். சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை. டீ வந்தது. குடிக்கவில்லை.

முடிந்தது. தன் ஜாதகத்தைத் திறந்து பார்த்தார். கட்டம் இருந்தது. கீழே எழுதியதும் இருந்தது.

“வந்துருச்சுங்க அம்மணி.”

கும்பிட்டார். நசீமா கும்பிடை வாங்கிக்கொள்ளவில்லை. இழுப்பறையைத் திறந்து பழைய டிஸ்க்கை எடுத்து மாட்டி, அழிக்கும் கட்டளையைக் கொடுத்தாள். அனைத்தையும் அழிக்கவா என்று திரை கேட்டது.

“அழிங்க,” என்றாள்.

“எதைங்க?”

“பழசை. அதான் எல்லாம் வந்துருச்சே.”

அவர் மவுஸைப் பிடித்தார். விரல் அசையவில்லை.

“ஒருவேளை…”

“ம். சொல்லுங்க. ஒருவேளை?”

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

“எத்தனை ஜாதகம் திறந்து பாத்தீங்க?”

“என்னோடது.”

“ஆறாயிரத்து நானூறுல ஒண்ணு.”

“ஆமாங்க.”

“வீட்டுக்குப் போங்க. பழசு இங்கயே இருக்கட்டும்.”

நாலாம் நாள் வந்தார். படியேறும்போதே சத்தம்.

“ஏமாத்திருச்சுங்க. உங்க சாஃப்ட்வேர் என்னை ஏமாத்திருச்சு. பத்தொம்பதாவது ஜாதகம் திறக்கலை. திறந்தா ஒரே கிறுக்கலா வருது. நாப்பதாவதும் அப்படித்தான்.”

“அது என் சாஃப்ட்வேர் இல்லை. உக்காருங்க.”

அவர் கொண்டுவந்த டிஸ்க்கை மாட்டினாள். அதிலிருந்த சாஃப்ட்வேரின் அமைப்புகளைத் திறந்தாள். திரையில் ஒரு வரியைக் காட்டினாள். இடையில் பிழை வந்தால் என்னிடம் கேட்காதே, விட்டுவிட்டு மேலே போ. பக்கத்தில் ஒரு டிக் குறி.

“இதை யாரு போட்டது?”

கீழே தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்து ஓய்ந்தது.

“நாந்தானுங்க.”

“ஏன்?”

“ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ. பாதியில நிறுத்திட்டு, இந்த இடத்தைப் படிக்க முடியலை, என்ன செய்யட்டும்னு கேட்டுச்சு. நல்ல காரியம் நடக்கறப்ப நடுவுல தடங்கல் வரப்படாதுங்க அம்மணி. அபசகுனம். அதான், இனிமே கேக்காதேன்னு சொல்லிட்டேன்.”

“அதுவும் கேக்கலை.”

“கேக்கலைங்க.”

“நல்ல சாஃப்ட்வேர்.”

அவர் அதைக் காதில் வாங்காதவர்போல இருந்தார். பிறகு கேட்டார்.

“முந்தின வாரத்து நகல்ல இருக்குமில்லீங்க?”

“எல்லா வாரமும் அதே பேர்ல, மேல மேல எழுதியிருக்கீங்க. இருக்கறது ஒண்ணுதான்.”

“பழைய டிஸ்க்குல?”

“அதுலயே படிக்க முடியாமத்தான அன்னைக்கு உங்ககிட்டக் கேட்டுச்சு.”

சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“அப்ப மொத்தம் எத்தனைங்க போச்சு?”

“எங்கிட்டக் கேட்டா?”

அவர் எழுந்து போனார்.

காலையில் ஜோசியம். மதியத்துக்கு மேல் திறப்பு. ஒரு ஜாதகம் திறந்தார். சரியாக இருந்தது. மூடினார். அடுத்ததைத் திறந்தார். முப்பத்தெட்டு நாள் இதே வேலை. வேறு எப்படிச் சொல்வது. முடிவில் ஒரு தாளில் இருநூற்றுப் பதினாலு பேர் இருந்தார்கள். தொலைபேசி எண்கள் தனி நோட்டில் இருந்தன. கூப்பிட ஆரம்பித்தார்.

ஜோசியர் தானாகக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை.

“சாமி, நீங்களா கூப்புடறீங்க? என்னங்க, வீட்டுல ஏதாச்சும் ஆகப்போகுதுங்களா?”

“ஒண்ணும் ஆகாது. பொறந்த நேரத்தைச் சொல்லு.”

“உங்களுக்குத் தெரியாததுங்களா?”

“தெரியாது. சொல்லு.”

முப்பது வருஷ ஜோசியத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தை. அன்றைக்குப் பதினோரு பேரிடம் சொன்னார்.

நேரம் கிடைத்தது. கட்டம் போட்டுக்கொள்ளலாம். கீழே எழுத வேண்டியது பாக்கி. அதையும் கேட்டார்.

“நான் என்ன சொன்னேன்?”

“தையில கல்யாணம்னு சொன்னீங்க.”

“ஆச்சா?”

“வைகாசியில ஆச்சுங்க. நாலு மாசந்தான, பரவால்லீங்க.”

எழுதிக்கொண்டார். வெளிநாடு போவான் என்றீர்கள், கோயமுத்தூர் போனான். எழுதிக்கொண்டார். ஒருத்தர்கூட மறந்திருக்கவில்லை. தேதிகூடச் சொன்னார்கள்.

கடைசிப் பெயர் பவானியில் மாராத்தாள். மகன் ஜாதகம்.

“தமிழரசுங்க. காலைல அஞ்சே முக்கால்.”

“நான் என்னம்மா சொன்னேன்?”

“தண்ணியில கண்டம்னீங்க சாமி. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஆத்துல கால் வைக்க விட்டதில்லைங்க. பன்னெண்டு வருஷமாச்சு. வீடு ஆத்தங்கரையிலதான். சின்னப் புள்ளையா இருக்கறப்பக் கத்துவான். அவங்கப்பா பெல்ட்டை எடுப்பாரு. இப்ப இருவத்திரண்டு வயசு. கேக்கறதில்லை. கூடப் படிச்ச பசங்க குதிக்கறதை ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருப்பான்.”

“சரிம்மா.”

“நீங்க சொன்னதைச் சொன்னபடி காப்பாத்திட்டனுங்க.”

சென்னியப்பன் போனை வைத்தார். அஞ்சே முக்காலுக்குக் கட்டம் போட்டார். பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி போட்டார். தண்ணீர்க் கண்டம் எதிலும் இல்லை.

மறுபடி கூப்பிட்டார்.

“நேரம் அஞ்சே முக்கால்தான?”

“ஆசுபத்திரிச் சீட்டு இருக்குதுங்க. அன்னைக்கும் அதைத்தான் காட்டினேன்.”

அன்று அவர் எந்த நேரத்தை எழுதினார் என்று பார்க்க முடியாது. அந்த ஃபைல் இல்லை.

மறுநாள் காலை நசீமா கடை திறக்கும் முன்பே படியில் நின்றார். கையில் மஞ்சள் பை இல்லை. உள்ளே போனதும் அவள் பழைய டிஸ்க்கை எடுத்து மாட்டினாள்.

“எல்லாம் பாத்தாச்சுங்களா?”

“பாத்தாச்சு.”

“எத்தனை போச்சு?”

“இருநூத்திப் பதினாலு. ஒண்ணும் போகலைங்க. எல்லாம் அவங்கவங்ககிட்ட இருக்குது. நான் சொன்னது ஒரு எழுத்துக் குறையாம.”

நசீமா அவர் முகத்தைப் பார்த்தாள். அனைத்தையும் அழிக்கவா என்று திரை கேட்டது.

சென்னியப்பன் நின்றபடியே குனிந்து அழுத்தினார்.

“உக்காருங்க,” என்றாள். “ரெண்டு மணி நேரம் ஓடும். முடியறதைப் பாத்துட்டுப் போங்க.”

“நேரமில்லீங்க அம்மணி. பவானி பஸ்ஸைப் புடிக்கணும்.”

“அங்க என்ன?”

அவர் அதற்குள் மூன்று படி இறங்கியிருந்தார்.

“ஒருத்தனை ஆத்துல இறக்கிவிடணும்.”