உப்பு இல்லாத கஞ்சி

"அடிகளே, நான் கொடுத்த மருந்தில் பிழை இல்லை. நோயாளிதான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்."

நாகசீலன் இப்படிச் சொன்னபோது மூத்த துறவியான சுமன தேரர் பௌத்த விகாரையின் முற்றத்தில் கடுக்காய் உலர்த்திக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"யார்?"

"ஓடக்காரன் சேந்தன்."

தேரரின் கை நின்றது.

சேந்தனை ஆற்றின் இரண்டு கரையும் அறியும். மனைவி பிள்ளைப்பேற்றில் இறந்துபோக, பெண் குழந்தையைத் தானே சோறூட்டி வளர்த்தவன். குழந்தையின் பெயர் நல்லி. ஓடத்தின் முனையில் உட்கார்ந்துகொண்டு, ஏற வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். புதுவெள்ளம் வந்தபோது, அடித்து வந்த மரம் ஒன்றில் மோதி ஓடம் கவிழ்ந்தது. ஏறியிருந்தவர்களை எல்லாம் சேந்தன் கரைக்கு இழுத்துப் போட்டான். நல்லியை ஆறு கொண்டுபோய்விட்டது.

அவன் அழவில்லை. அன்று முதல் தண்ணீரைத் தவிர வேறெதுவும் அவன் தொண்டைக்குள் இறங்கவும் இல்லை.

"நாடி பார்த்தாயா?"

"பார்த்தேன். நூலிழையாக ஓடுகிறது. வயிற்றில் அக்கினி அணைந்துவிட்டது. சுக்கும் சீரகமும் போட்டுக் கஷாயம் வைத்துக் கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டான். பலவந்தமாக ஊற்றினேன். துப்பிவிட்டான்."

"எப்போது போனாய்?"

"காலையில். பிச்சைக்குப் போனபோது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அவனுக்குக் கொண்டுவந்து வைத்த சோற்றை எடுத்து அப்படியே என் பாத்திரத்தில் போட்டான், அடிகளே. சாகப் போகிறவன் கொடுத்த சோறு. எனக்கு இறங்கவில்லை."

"நல்லிக்கு அவன் எப்போது சோறு ஆக்குவான்?"

காஞ்சியில் பேர்பெற்ற வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவன் நாகசீலன். காவி உடுத்த பிறகு, சுமன தேரரிடம் மிச்சத்தையும் கற்றுக்கொள்ளத்தான் இவ்வளவு தூரம் வந்தான். நாடி, நாக்கு, நீர், மலம் என்று அவன் பார்க்காமல் விட்டது எதுவும் இல்லை. இதை மட்டும் கேட்கவில்லை.

"தெரியாது."

"ஓடத்தைக் கட்டிவிட்டு வந்து. அந்தியில்."

தேரர் கடுக்காய்களைப் பரப்பி முடித்தார்.

பொழுது சாய்ந்ததும் எழுந்தார். பிச்சைப் பாத்திரத்தைக் கையில் எடுத்தார்.

"அடிகளே, இந்த நேரத்தில் பாத்திரம் எதற்கு?"

"வா."

உச்சிப்பொழுது தாண்டினால் மறுநாள் விடியும்வரை ஒரு பருக்கையும் வாயில் படக்கூடாது. துறவிகளின் விதி அது. தேரர் குளிர்சுரத்தில் கிடந்து நடுங்கியபோதும் அதைக் காத்தவர். அவன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

நாகசீலன் பின்னால் நடந்தான்.

சேந்தனின் குடிசை ஆற்றை ஒட்டி இருந்தது. அடுப்பெதிரே உட்கார்ந்திருந்தான். அடுப்பில் தீ இல்லை. துறவிகளைக் கண்டு எழப் பார்த்தான். முடியவில்லை. கையை மட்டும் கூப்பினான்.

தேரர் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"சேந்தா, எனக்குப் பசிக்கிறது."

சேந்தன் புரியாமல் பார்த்தான்.

"சாமி... நீங்க ராத்திரியில சாப்பிட மாட்டீங்களே."

"பசிக்கிறது. கஞ்சி வைத்துக் கொடு."

நாகசீலன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். துறவி ஒருவர் தனக்காக வாய் விட்டு உணவு கேட்பதே குற்றம். அதுவும் இந்த வேளையில்.

சேந்தன் அணைந்த அடுப்பைப் பார்த்தான். அப்புறம் சுவரைப் பிடித்து எழுந்தான். பானைக்குள் கைவிட்டான். அரிசி கொஞ்சம் இருந்தது, பாசிப்பயறு கொஞ்சம் இருந்தது. சுள்ளி ஒடிக்க அவன் கையில் வலு இல்லை. நாகசீலன் உதவப் போனான். தேரர் கண்ணால் தடுத்தார்.

சேந்தன் முழங்காலில் வைத்து ஒடித்தான். தீ மூட்டினான். புகை வந்தது.

தண்ணீர்க் குடத்தோடு போன பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். அடுப்பைப் பார்த்தார்கள். தேரர் மடியிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தார்கள்.

"அடிகளே, ஊர் பார்க்கிறது," என்றான் நாகசீலன் மெல்ல.

"ஆமாம்," என்றார் தேரர்.

கஞ்சி கொதித்தது. சேந்தன் இரண்டு விரலால் உப்பை எடுத்துப் போட்டான். கலக்கினான். பாத்திரத்தில் ஊற்றினான். கொஞ்சம் சிந்தியது.

தேரர் ஒரு வாய் குடித்தார்.

வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

தேரர் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"உப்பு இல்லை."

"போட்டேனே சாமி."

"இல்லை."

"என் கையாலதானே போட்டேன்."

"நீயே பார்."

சேந்தன் அகப்பையில் கொஞ்சம் மொண்டான். ஊதினான். வாய்வரை கொண்டுபோனவன் அப்படியே நின்றான்.

சேந்தன் குடித்தான்.

"இருக்குதே சாமி."

"எனக்குத் தெரியவில்லை. இன்னொரு வாய் பார்."

இன்னொரு வாய் குடித்தான். சப்புக்கொட்டிப் பார்த்தான்.

"இருக்குது. கொஞ்சம் மட்டாத்தான் இருக்குது. உப்புத் தூக்கலா இருந்தா அவ குடிக்க மாட்டா..."

அகப்பை கையிலிருந்து விழுந்தது.

அவன் அழுத சத்தம் ஆற்றங்கரை முழுக்கக் கேட்டிருக்கும். குடத்தோடு நின்ற பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். தேரர் அவனைத் தொடவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் அழுது ஓய்ந்ததும் பாத்திரத்தை எடுத்து மறுபடி ஒரு வாய் குடித்தார். பானையைச் சேந்தன் பக்கம் நகர்த்தினார்.

சேந்தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பானையிலிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான்.

கிளம்பும்போது சேந்தன் கேட்டான்.

"நாளைக்கும் வருவீங்களா சாமி?"

தேரர் தலையை அசைத்தார். அது ஆமாம் என்றா, இல்லை என்றா, நாகசீலனுக்குத் தெரியவில்லை.

வரப்பு வழியே திரும்பி நடந்தார்கள். நாகசீலன் மனத்தில் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒருவன் வைத்தியன். நோயாளியின் முகத்தில் திரும்பிய நிறத்தை அவன் பார்த்துவிட்டான். இன்னொருவன் துறவி. விதிகளில் ஒன்று விடாமல் மனப்பாடம் செய்தவன்.

ஆலமரத்தடிக்கு வந்ததும் தேரர் நின்றார்.

"நாகசீலா, இங்கே நில்."

ஒரு தோளிலிருந்து ஆடையை விலக்கினார். மண்ணில் குந்தி உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

நாகசீலன் பதறிப்போனான்.

"அடிகளே! நான் உங்கள் மாணவன்."

"துறவிதானே. போதும். நான் குற்றம் செய்திருக்கிறேன். கேட்டுக்கொள்."

குற்றம் செய்த துறவி அதை இன்னொரு துறவியிடம் சொல்ல வேண்டும். கேட்கிறவர் மூன்று கேள்வி கேட்க வேண்டும். நாகசீலன் எத்தனையோ முறை தேரர் முன்னால் இப்படிக் குந்தியிருக்கிறான். இப்போது நின்றுகொண்டிருந்தான்.

"என்ன குற்றம்?" என்றான்.

"எனக்கென்று உணவு கேட்டேன். காலம் தப்பி உண்டேன்."

"அவ்வளவுதானா?"

"இல்லை. பொய் சொன்னேன்."

"எப்போது?"

"கஞ்சியில் உப்பு இருந்தது."

அவ்வளவு நேரம் அங்கேயே நின்றும், ஆசிரியருக்கு வயதாகி நாக்கு மரத்துவிட்டது என்றுதான் நாகசீலன் நினைத்திருந்தான்.

தேரர் கூப்பிய கையை இறக்கவில்லை.

"அடுத்ததைக் கேள்."

"இவற்றைக் குற்றம் என்று காண்கிறீர்களா?"

"காண்கிறேன்."

மூன்றாவது கேள்வி மிச்சமிருந்தது. இனி இவற்றைச் செய்யாமல் காப்பீர்களா என்று கேட்க வேண்டும். கேட்டால் தேரர் காப்பேன் என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

நாகசீலன் வாயைத் திறந்தான். மூடினான்.

"கேள், நாகசீலா. கேட்டால்தான் முடியும்."

ஆற்றங்கரைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு தன் தோளிலிருந்தும் ஆடையை விலக்கிக்கொண்டு, ஆசிரியருக்கு எதிரே அதே மண்ணில் குந்தி உட்கார்ந்தான்.

"நாளைக்கு அவனை என்ன சமைக்கச் சொல்லட்டும், அடிகளே?"