வாத்துக்குச் சேர்ந்த சிவப்பு

"பன்றிக்கறி விந்தாலுவுக்கு எந்த ஒயின் சேரும், மேடம்?" என்று சூசைநாதன் கேட்டார்.

பெர்னதெத் எழுந்து தொட்டிப் பக்கம் போனார். கையிலிருந்த ஒயின் கிளாஸைக் கழுவி, மேடைமேல் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, நேரமாகிவிட்டது, கிளம்புங்கள் என்றார்.

சூசைநாதன் கவிழ்ந்த கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதுதான் பதில் என்று அவருக்குத் தோன்றியது. என்ன பதில் என்றுதான் தெரியவில்லை.

~

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஒரு பழைய ஹோட்டல். சூசைநாதன் அங்கே பரிமாறுபவர். ஐம்பதைத் தாண்டியவர். பெர்னதெத் அவரைவிட இளையவர். ஆனால் அந்த ஹோட்டலின் ஒயின் முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது. எந்த மேசைக்கு எந்தப் பாட்டில் என்று அவர் சொல்லிவிட்டால் தலைமைச் சமையல்காரர்கூட மறுபேச்சுப் பேசமாட்டார்.

ஈஸ்டர் முடிந்ததும் பெர்னதெத் வேலையை விட்டுவிட்டார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இடம் காலியாகவே கிடந்தது. சூசைநாதன் தயங்கித் தயங்கி முதலாளியிடம் போய் நின்றார். பெர்னதெத் ஒரு வார்த்தை சொல்லட்டும், இடம் உங்களுக்குத்தான் என்றார் முதலாளி. புத்தாண்டுக்குள் சொல்லாவிட்டால் மும்பையிலிருந்து ஆள் வந்துவிடும்.

அன்றிலிருந்து சூசைநாதன் விடுமுறை நாள்களில் பெர்னதெத் வீட்டுக்குப் போய்ப் படிக்க ஆரம்பித்தார்.

~

ஹோட்டலில் இருந்த நாளில் பெர்னதெத் வேறு மாதிரி சொல்லித் தருவார். தானும் ஒரு வாய் பருகுவார். கண்ணை மூடுவார். மழை பெய்த மண் என்பார், காய்ந்த அத்திப்பழம் என்பார். எதையும் உடைத்துச் சொல்லுவார்.

இப்போது எல்லாமே மாறியிருந்தது.

சூசைநாதன்தான் சின்னப் பாட்டிலாக வாங்கிக்கொண்டு போவார். பெர்னதெத் அதைத் தொடமாட்டார். ஜன்னல் பக்கம் போய் நின்று குடியுங்கள் என்பார். தான் அறையின் மறுகோடியில் உட்கார்ந்துகொள்வார். என்ன தெரிகிறது, சொல்லுங்கள், கேட்கிறேன் என்பார்.

சூசைநாதன் சொல்லுவார். சரி என்றோ இல்லை என்றோ ஒரு சொல் வரும். அவ்வளவுதான்.

ஜன்னல் எதற்கு என்று ஒரு நாள் கேட்டார். காற்றுக்கு என்றார் பெர்னதெத்.

வீட்டுக்கு வந்து மனைவி ஜசிந்தாவிடம் சூசைநாதன் விளக்கினார். அந்த அம்மா எங்கேயோ போய்விட்டார். குடிக்காமலே ருசி தெரிகிற நிலைக்கு வந்துவிட்டார். நாமும் அங்கே போக வேண்டும். அடுத்த வாரம் முழுக்க அவரும் கிளாஸை எட்ட வைத்து வெறுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

~

டிசம்பர் பிறந்தது. சூசைநாதனுக்குப் பொறுக்கவில்லை.

கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் என்று கேட்டார். நான்கு வகை சமைப்போம், ஒவ்வொன்றுக்கும் நான் ஒயின் தேர்ந்து வைக்கிறேன், பார்த்துவிட்டு நான் தேறுவேனா மாட்டேனா என்று சொல்லிவிடுங்கள் என்றார்.

பெர்னதெத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"வேற யாராவது வர்றாங்களா?"

"யாரும் இல்ல மேடம். நாங்க ரெண்டு பேர்தான்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

இது என்ன கேள்வி என்று சூசைநாதனுக்குக் குழப்பமாக இருந்தது. சாப்பிட ஆகிற நேரம்தான் என்றார்.

வருகிறேன் என்று பெர்னதெத் தலையசைத்தார்.

விந்தாலுவுக்கு என்ன வைப்பது என்று கேட்டது அதற்கப்புறம்தான். கிளாஸ் கவிழ்ந்ததும் அப்போதுதான்.

~

குருசுக்குப்பத்தில் இருந்த சூசைநாதன் வீடு சிறியது. ஜசிந்தா மேசைக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தாள். கேக்குக்கான திராட்சையை நவம்பரிலேயே ரம்மில் ஊறப் போட்டவள் அவள்.

கிறிஸ்மஸ் பூசை முடிந்து பெர்னதெத் நேராக அங்கே வந்தார். கதவருகே ஒரு நிமிடம் நின்றார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

முதலில் வெண்ணெயில் வதக்கிய இறால். சூசைநாதன் ஜில்லென்ற வெள்ளை ஒயினை ஊற்றினார். புளிப்புத் தூக்கலானது, எலுமிச்சை பிழிந்த மாதிரி இருக்கும் என்று சொன்னார்.

பெர்னதெத் இறாலைச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று ஜசிந்தாவிடம் சொன்னார். கிளாஸை ஒரு விரலால் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

குளிர்ச்சி அதிகமாகிவிட்டதோ என்று சூசைநாதன் நினைத்தார். காத்திருந்தார். கிளாஸில் பூத்த வியர்வை வழிந்து துணியை நனைத்தது. பெர்னதெத் தொடவில்லை.

~

அடுத்தது வாத்து ரோஸ்ட்.

அதற்கு அவர் வைத்தது ஒரு சிவப்பு ஒயின். நாக்கில் கனக்காதது, செர்ரிப்பழ வாசனை உள்ளது. அந்தப் பாட்டிலைத் தேடி அவர் ஊரெல்லாம் அலைந்திருந்தார். மூடியைத் திறந்ததும் வாசனை அறையில் பரவியது.

பெர்னதெத் சாப்பிடுவதை நிறுத்தினார்.

அவர் கை கிளாஸின் தண்டைப் பிடித்தது. கிளாஸ் மேசையை விட்டு எழும்பியது. மோவாய் வரை வந்தது.

சூசைநாதன் முன்னால் சாய்ந்தார்.

கிளாஸ் இறங்கியது. ஒரு சொட்டும் குறையவில்லை. பெர்னதெத் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

~

சமையலறையில் ஜசிந்தா மெதுவாகக் கேட்டாள். மட்டமான ஒயின் என்று நினைக்கிறாரா? நம் வீட்டில் குடிக்கப் பிடிக்கவில்லையா? நேராகவே கேட்டுவிட்டால் என்ன?

கேட்கக் கூடாது, இது பரீட்சை என்றார் சூசைநாதன். அவர் குழம்பிப் போயிருந்தார். வாத்துக்கு அந்தச் சிவப்பு சேரவில்லை என்றால் அவர் கற்ற எதுவுமே சரியில்லை.

விந்தாலுவுக்கென்று லேசாக இனிக்கிற வெள்ளை ஒயின் ஒன்று குளிர்சாதனப் பெட்டியில் தயாராக இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றினார்.

ஜசிந்தா ஏன் என்று கேட்டாள். பெர்னதெத் கிளாஸைக் கவிழ்த்துக் காட்டியதைச் சொன்னார். விந்தாலுவுக்கு எதுவும் சேராது என்பதுதான் அதன் பொருள்.

"கழுவின கிளாஸை வேற எப்படி வைப்பாங்க?" என்றாள் ஜசிந்தா.

~

பன்றிக்கறி விந்தாலு. வினிகரும் பூண்டும் மிளகாயும் கண்ணைக் கரிக்க வைத்தன.

பெர்னதெத் தண்ணீர் கிளாஸைப் பார்த்தார். எடுத்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

சூசைநாதனுக்கு உயிர் வந்தது. ஜசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றாவது சரியாக வந்துவிட்டது.

~

கடைசியாகக் கேக். அதோடு இனிப்பான கெட்டிச் சிவப்பு, சின்ன கிளாஸில்.

பெர்னதெத் கேக்கை மோந்து பார்த்தார். தட்டைத் திருப்பி ஜசிந்தா பக்கம் நகர்த்தினார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். கிளாஸையும் தொடவில்லை.

ஜசிந்தாவின் முகம் சுருங்கியது. அவள் எழுந்து உள்ளே போனாள்.

மேசையில் ஊற்றியது ஊற்றியபடி மூன்று கிளாஸ்கள் நின்றன. ஒன்று வெள்ளை, இரண்டு சிவப்பு. சூசைநாதன் அவற்றைப் பார்த்தார். அந்த இடம் தனக்கில்லை என்று மனசைத் தயார்படுத்திக்கொண்டார்.

"சொல்லிடுங்க மேடம். தண்ணி ஒண்ணுதான் சரியா?"

பெர்னதெத் நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணிதான் தப்பு. அந்தக் காரத்துக்குத் தண்ணி ஊத்தினா இன்னும் எரியும். கொஞ்சம் இனிப்பான வெள்ளை வெச்சிருக்கணும்."

சூசைநாதன் கிளாஸ்களைக் காட்டினார்.

"அப்ப இந்த மூணும்?"

"மூணும் சரி. முதலாளிகிட்ட நானே சொல்றேன்."

"பின்ன ஏன் ஒரு வாய்கூட எடுக்கல?"

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

பெர்னதெத் மெதுவாகச் சொன்னார். ஈஸ்டருக்கு முன்னால் அவருடைய அண்ணன் அவரைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே குடிக்க ஆரம்பித்திருந்த நாள்கள் அவை. குடியிலிருந்து மீளத்தான் சிகிச்சை. அதற்குப் பிறகு இதுவரை ஒரு சொட்டும் தொடவில்லை. ஹோட்டலை விட்டதும் அதற்காகத்தான்.

 முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்க நினைத்தார் சூசைநாதன். மாதக்கணக்கில் அந்த வீட்டுக்குப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனது தான்தான் என்பது அப்போது உறைத்தது.

"வராம இருந்திருக்கலாமே மேடம்" என்றார் கடைசியில்.

"கிறிஸ்மஸ் அன்னைக்கு வீட்டுல தனியா இருக்கப் பயமா இருந்தது."

சூசைநாதனின் கை கிளாஸ்கள் பக்கம் போனது. எடுத்துவிடலாமா, எடுத்தால் அவமதிப்பாகிவிடுமா என்று தெரியாமல் பாதியில் நின்றது.

பெர்னதெத் வாத்துக்கு ஊற்றிய கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சிவப்பையாவது கொஞ்சம் தப்பாத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாதா, சூசைநாதன்?"