சொதி ஜன்னல்

பாளையங்கோட்டையில் வீடு கட்டிக் கட்டியே பேர் எடுத்தவர் ஆர்க்கிடெக்ட் மாசிலாமணி. அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் குடியிருந்த வீட்டையே ஊர்க் கட்டடக்கலைக்கு ஒரு மியூசியமாக்கினான் அவரிடம் வேலை பார்த்த தேவசகாயம். தலை நரைத்த ஆள்தான். ஆனாலும் படிப்பித்த சற்குணம் டீச்சர் முன்னால் இன்றைக்கும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பான்.

டீச்சர் சரி என்றால்தான் நாளைக்குத் திறப்பு. அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்து போனவர் அவர்; சாகும்போது மாசிலாமணி சொல்லிவிட்டுப் போன ஏற்பாடு அது.

டீச்சர் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். நாட்டு ஓடு, தேக்குக் கதவு, சுண்ணாம்புச் சுவரில் வெட்டியெடுத்த ஒரு துண்டு. எல்லாம் பளபளவென்று இருந்தது.

"எப்படி இருக்கு டீச்சர்?"

"சுத்தமா இருக்கு."

பாவி மனுஷன், அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பூரித்துப் போனான்.

கடைசியில் அடுப்படி. பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல். இந்த அடுப்படியில் கையை நீட்டினால் அந்த அடுப்படி. மாசிலாமணி வேண்டுமென்றே வைத்தது. அதற்குத் தேவசகாயம் கண்ணாடி போட்டு, நாலு பக்கமும் திருகாணி முடுக்கி, கீழே பித்தளைப் பலகையில் விளக்கமும் எழுதி வைத்திருந்தான்.

"இந்த வீட்டோட உயிரே இதுதானே டீச்சர். குறை ஏதும் இருந்தா சொல்லுங்க."

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் டொக் டொக்கென்று சத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள், கையில் தூக்குச்சட்டியோடு. வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"தேங்காப்பால் ஊத்திச் சொதி வச்சிருக்கா," என்றார் டீச்சர். முகமெல்லாம் சிரிப்பு. "நான் வந்தது அதுக்குள்ள தெரிஞ்சிட்டு பாரு."

தேவசகாயத்துக்குப் பதறிவிட்டது. "வாசல் வழியா சுத்தி வாங்க!" என்று கையை ஆட்டினான். இசக்கியம்மாள் புரியாமல் மறுபடியும் தட்டினாள்.

"திறக்க முடியாது டீச்சர். கண்டவங்க கை பட்டா ஜன்னல் பாழாயிரும்னுதான்..."

"பலகையில என்ன எழுதியிருக்க?"

அவன் படித்தான். "இந்த ஜன்னல் வழியாக இரண்டு வீட்டாரும் குழம்பும் கறியும்..." பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தான்.

டொக் டொக்.

"அப்போ நாளைக்குத் திறப்பு, டீச்சர்?"

"எங்கிட்ட எதுக்குக் கேக்க? பலகையை அவளுக்குப் படிச்சுக் காட்டு. அவ சரின்னா எனக்கும் சரி," என்றார் டீச்சர். "சத்தமாப் படி. கண்ணாடி இருக்குல்லா."