தேய்த்த நம்பர்

"எவனோ ஒரு களவாணிப்பய இந்த லென்ஸுல பொய்ப்பேரு வெட்டி வச்சிருக்கான், டீச்சரம்மா! அவன் கை வெளங்குமா?"

கத்திக்கொண்டேதான் கோமதிநாயகம் மாடியேறி வந்தார்.

"செருப்பு, அண்ணாச்சி" என்றாள் மெர்சி.

கழற்றி வீசிவிட்டு உள்ளே வந்தார். பஸ் ஸ்டாண்டில் சீப்பு விற்று, பத்து இடத்தில் அடிபட்டு, பேசிப்பேசியே பாளையங்கோட்டையில் பழைய கேமரா கடை போட்டவர். வயது ஐம்பத்தெட்டு. மெர்சிக்கு முப்பத்தைந்துதான். காலேஜ் மைக்ரோஸ்கோப்புகளைப் பழுது பார்க்கிறவள். பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா லென்ஸ்களில் வெட்டியிருக்கிற பேரையும் நம்பரையும் படிக்க, மூன்று வருஷமாக அவளிடம்தான் அவர் பாடம் கேட்கிறார். ஊரில் எவனுக்கும் பணியாதவர் அவளுக்குப் பணிவார், கோபம் இல்லாத நேரத்தில்.

அன்றைக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது.

"பாருங்க. முன்வளையத்துல ஜெர்மன் பேரு. மங்கிக் கெடக்கேன்னு எழுத்துக்குள்ள புது வெள்ளைப் பெயிண்ட் நான்தான் பூசுனேன். நேத்து துடைச்சுப் பார்த்தா, அடியில வேற எழுத்தோட தடத்துலயும் பெயிண்ட் எறங்கியிருக்கு. ருஷ்ய எழுத்து! அதை அரத்தால ராவித் தள்ளிட்டு மேல வெட்டியிருக்கான், படுபாவி."

மெர்சி லென்ஸை வாங்கிக்கொண்டாள்.

"எது பொய்க்குறி, எது நெசக்குறின்னு எப்படித்தான் கண்டுபிடிக்கது? அதைச் சொல்லுங்க மொதல்ல."

அவள் லென்ஸைத் திருப்பி, பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"இங்க உப்புத்தாள் போட்டது யாரு?"

"அது... நான்தான். அங்க ஒரு நம்பர் இருந்துச்சு. முன்னால உள்ள நம்பரோட ஒத்துவரல. பார்க்கிறவன் சந்தேகப்படுவாம்லா? தேச்சு விட்டேன்."

"என்ன நம்பர்?"

"யாருக்கு ஞாபகம்!"

"எப்ப தேச்சீங்க?"

"போன ஞாயித்துக்கிழமை. பேரு பொய்யின்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பனா?"

"உலகம்மா உங்க கடைக்கு எப்ப வந்தா?"

உலகம்மா அம்பாசமுத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவள். அவள் அப்பாவின் ருஷ்ய லென்ஸ் இரண்டு வருஷத்துக்கு முன்னால் களவு போனது. அதன் நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கடைகடையாக ஏறி இறங்குகிறாள். மெர்சியின் சுவரிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

"திங்கக்கிழமை வந்தா" என்றார் கோமதிநாயகம். "இதையும் கையில எடுத்துப் பார்த்தா. பின்னால திருப்பிக்கூடப் பார்த்தா. வச்சிட்டுப் போயிட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அந்த நம்பர்ல ஒண்ணும் இல்ல தாயின்னேன். பொய் இல்லையே டீச்சரம்மா! அன்னைக்கு இல்லதான!"

மெர்சி சிரிக்கவில்லை. பின்பக்க மரைவளையத்தைக் கழற்றினாள். கண்ணாடி பூட்டிய குழலை வெளியே எடுத்து, உள்விளிம்பை வெளிச்சத்தில் காட்டினாள். ஊசியால் கீறினதுபோல் மூன்று எண்கள். 417.

"ஒரு லென்ஸோட பாகம் இன்னொண்ணோட கலந்துரக் கூடாதுன்னு, கம்பெனியில பூட்டுனவன் நம்பரோட கடைசி மூணு எண்ணைத் தனக்காகக் கீறுனது. விக்கிறதுக்குக் கீறல."

கோமதிநாயகம் சுவரைப் பார்த்தார். உலகம்மாவின் சீட்டில் கடைசி மூன்று எண்களும் அதேதான்.

முகம் சிவந்துவிட்டது மனுஷனுக்கு.

"அப்ப களவாண்டவன் யோக்கியனா? பேரை வெட்டுனவன் யோக்கியனா? அவனுகள விட்டுட்டு என்னையப் பிடிப்பீகளோ? வெயில்ல அலைஞ்சு, கைக்காசு போட்டு வாங்குனவன் நான்!"

மெர்சி லென்ஸைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி, பாதி. பாதி என் மேல. பேரு அவன் வெட்டுனது, நம்பர் மட்டுந்தான் நான்."

அவள் நிமிரவில்லை.

"முக்காலுன்னு வச்சுக்கிடுங்க. அதுக்கு மேல ஒரு நூல் ஏற மாட்டேன்."

அவள் முன்வளையத்தை மட்டும் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது பேரு வெட்டுனவனுது. ஆளைக் கண்டா குடுத்துருங்க."

மிச்ச லென்ஸைப் பஞ்சில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு மேஜை நடுவில் வைத்தாள். கோமதிநாயகம் டப்பாவைத் தொடவில்லை. வளையத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். குரல் கீழே தெருவுக்கே கேட்டிருக்கும்.

"நியாயம்னா ஒரே நியாயந்தான்! அந்தப் புள்ளைகிட்ட இருந்து மறைச்சவன் எவனோ, அவன்தான் போயி அவ முன்னால நிக்கணும்! அவன்தான் சரிபண்ணணும்!"

"நானும் அதைத்தான் சொல்லுதேன்" என்று மெர்சி டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள். "அம்பாசமுத்திரத்துக்கு மூணரைக்கு பஸ் இருக்கு. இன்னைக்காவது அவனை ஏறச் சொல்லுங்க, அண்ணாச்சி."