முதலையின் கண் தெளிவாக விழுந்த படம்

குளக்கரை மருத மரத்தில் சிங்காரி என்ற மந்தி தன் குட்டியோடு வாழ்ந்தது. அடியில் மான்கள் மேயும். சிங்காரி அவற்றுக்குத் தழை உதிர்க்கும். ஆபத்து கண்ணில் பட்டால் உடனே கத்தும். அந்தக் குரலை நம்பித்தான் மான்கள் தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தன.

ஒருநாள் காடு பார்க்க வந்தவர்கள் ஜீப்பிலிருந்து ஒரு கேமராவைத் தவறவிட்டார்கள். சிங்காரி அதை எடுத்துக்கொண்டது. மரத்திலிருந்து அவர்கள் பேச்சையெல்லாம் கேட்டிருந்ததால், தொழிலும் வந்துவிட்டது.

"நட்ட நடுவில் நிற்காதே, கொக்கே! ஓரமாப் போ!"

"நான் மீன் பிடிக்க வந்தேனா, உனக்குப் போஸ் கொடுக்க வந்தேனா?" என்று கொக்கு முணுமுணுக்கும். ஆனாலும் இறகை ஒரு தடவை நீவிக்கொள்ளும்.

ஒரு மாலை, பொட்டு என்ற மான்குட்டி தண்ணீர் குடிக்க வந்தது. தாய்மான் பின்னால் புல்லில் மேய்ந்துகொண்டிருந்தது.

"சிங்காரியக்கா, இறங்கட்டுமா?"

"இறங்கு கண்ணு! கொஞ்சம் இடப்பக்கம். உன் நிழல் தண்ணியில விழணும்!"

சிங்காரி கேமராவில் கண் வைத்தது. பொட்டுவின் நிழலுக்கு அப்பால் இரண்டு சிறு மேடுகள். படத்தைத் தெளிவாக்கும் வளையத்தை அவற்றின் பக்கம் திருகிப் பார்த்தது. முதலையின் கண்கள்!

கத்தல் தொண்டைவரை வந்துவிட்டது. சிங்காரி அதை விழுங்கிக்கொண்டது. 'ஒரே நொடி! குட்டி கொஞ்சம் முன்னால் வந்தால் இரண்டும் ஒரே படத்தில் விழும். இப்படி ஒரு படம் யாருக்குக் கிடைக்கும்?'

"அக்கா, இங்கே நிக்கட்டுமா?"

"இன்னும் ஒரு எட்டு வை" என்றது சிங்காரி.

'க்ளிக்!'

தண்ணீர் வெடித்தது. "ஓடு! ஓடு!" என்று சேற்றிலிருந்த ஆள்காட்டிக் குருவி அலறியது. பொட்டு துள்ளியது. உயிர் தப்பிவிட்டது, ஆனால் பின்னங்கால் கிழிந்துவிட்டது.

மறுநாள் காலை எல்லோரும் கேமராத் திரையில் படத்தைப் பார்க்கக் கூடினார்கள்.

"அடேயப்பா, என்ன நேரம் பார்த்து எடுத்திருக்கே!" என்று மயில் வியந்தது.

"திடீர்னு வந்துட்டான் பாவி. என் கை தானா அமுக்கிடுச்சு" என்றது சிங்காரி.

தாய்மானும் வந்தது. படத்தை வெகுநேரம் பார்த்தது.

"என் பிள்ளை ஏன் மங்கலா இருக்கு?"

"நீ எதைக் குறி வைக்கிறியோ அதுதான் தெளிவா விழும்னு சிங்காரிதானே தினமும் சொல்லும்!" என்ற கொக்கு, படத்தை எட்டிப் பார்த்தது. அதன் குரல் இறங்கிப் போனது. "இதுல... முதலையோட கண்ணுல்ல தெளிவா இருக்கு?"

தாய்மான் சிங்காரியைத் திட்டவில்லை. நொண்டும் குட்டியை முன்னால் விட்டு, மெல்ல நடந்து போனது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சிங்காரிக்கு.

அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த குட்டி நிமிர்ந்து பார்த்தது.

"அம்மா, நான் அங்கே நின்னிருந்தா கத்தியிருப்பேதானே?"

"என்ன கேள்வி இது!" என்றது சிங்காரி. குட்டியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கேமராவை மரப்பொந்துக்குள் திணித்தது. மான்கள் இப்போது எதிர்க்கரையில் தண்ணீர் குடித்தன. சிங்காரி உதிர்த்த தழை மரத்தடியிலேயே காய்ந்தது.

ஒருநாள் முதலை மறுபடியும் தலைகாட்டி, எதிர்க்கரையை நோக்கி நகர்ந்தது. சிங்காரி கண்ட கணமே தொண்டை கிழியக் கத்தியது.

மான்கள் தலை நிமிர்ந்தன. ஆனால் ஓடவில்லை. ஆள்காட்டிக் குருவியைத் திரும்பிப் பார்த்தன. அதுவும் கத்திய பிறகுதான் ஓடின.

நம்மை நம்பி நிற்கும் உயிருக்கு ஆபத்து வரும்போது, அழகான ஒரு கணத்துக்காக வாய்மூடி இருந்தவரின் குரலை, பிறகு அவர் உண்மையாகக் கத்தினாலும் யாரும் நம்புவதில்லை.